திரும்பி வரும் நோயும் சீன மருத்துவம் தேடும் வேரும்

ஒரு முறை வந்து தீர்ந்துபோகும் நோயைவிட, போய்விட்டுத் திரும்பத் திரும்ப வரும் நோயே மனிதரை அதிகம் அலைக்கழிக்கிறது. மாதத்தில் நான்கைந்து நாள்களை விழுங்கிவிடும் ஒற்றைத் தலைவலி, முக்கியமான வேலைக்குக் கிளம்பும் நாளில் தவறாமல் வரும் வயிற்றுக் கோளாறு, குளிர்காலத்தோடு கூடவே தொடங்கும் மூச்சிரைப்பு, காரணம் புலப்படாத களைப்பு ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பரிசோதனை அறிக்கைகளில் பெரும்பாலும் எல்லாம் இயல்பு என்றே இருக்கும். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இப்படிப் பல ஆண்டுகள் அலைந்த ஒருவரிடம், 'அறிகுறியை அடக்குவது எங்கள் வேலையன்று, நோயின் வேரையே களைகிறோம்' என்று யாரேனும் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வார்.

இந்த வாக்குறுதியைப் பல மருத்துவ மரபுகள் அளிக்கின்றன. அதற்கென்று விரிவான கோட்பாட்டையும், நோயாளியை விசாரிக்கும் முறையையும், மருந்துத் தொகுப்பையும் ஈராயிரம் ஆண்டுகளாக எழுத்தில் வளர்த்தெடுத்தது சீன மருத்துவம். பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். விலைவாசி உயர்வு அறிகுறியா, நோயா, அதன் காரணம் எது, எடுத்த நடவடிக்கையால்தான் அது தணிந்ததா என்ற கேள்விகளோடு பல்லாண்டுகள் வகுப்பறையில் மல்லுக்கட்டியவன் நான். வேர்க் காரணம் என்ற சொல்லை யார் பயன்படுத்தினாலும் அதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பது அந்தத் தொழில் தந்த பழக்கம். மருத்துவ ஆலோசனை கூறும் தகுதி எனக்கு இல்லை. அந்தக் கேள்வியை மட்டுமே இங்கே எழுப்புகிறேன்.

சீன மருத்துவத்தின் மூல நூலாகப் போற்றப்படுவது 'ஹுவாங்தி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசருக்கும் அவருடைய அமைச்சர்களுக்கும் இடையிலான வினா-விடையாக அமைந்த இந்நூல், கி.மு. 2, 1 ஆகிய நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. நோய்க்கு மருத்துவம் செய்பவர் அதன் மூலத்தைத் தேடியாக வேண்டும் என்ற கருத்து இந்நூலிலேயே அழுத்தமாக இடம்பெற்றிருக்கிறது. அதற்கு அது கையாளும் சொற்கள் இரண்டு: 'பென்', 'பியாவ்'. முன்னது வேர் அல்லது அடிமரம். பின்னது கிளையின் நுனி. சீன எழுத்து முறையில் மரத்தைக் குறிக்கும் எழுத்தின் அடியில் ஒரு சிறு கோடு இட்டால் அது 'பென்' ஆகிவிடும். எந்தச் சீனக் குழந்தையும் பள்ளியில் கற்கும் எளிய எழுத்து அது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைப் படித்தவர்களுக்கும் நோயின் முதலைத் தேடச் சொல்லும் அறிவுரை புதிதன்று. ஆனால் சீன மரபு 'வேர்' என்று எதைக் குறிக்கிறது என்பதில்தான் நாம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

நவீன மருத்துவத்தில் காரணம் என்றால் கிருமி, மரபணுப் பிழை, சுரப்பியின் குறைபாடு, அடைபட்ட இரத்தக்குழாய் போன்ற ஒரு பொருளையோ நிகழ்வையோ சுட்டிக்காட்ட முடியும். சீன மருத்துவத்தின் வேர் பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. அது ஒரு கோலம். உடலில் வெப்பம் மிகுந்திருக்கிறதா, குளிர்ச்சி மிகுந்திருக்கிறதா. நோய் மேற்புறத்தில் நிற்கிறதா, உள்ளே சென்றுவிட்டதா. ஏதோ ஒன்று குறைந்திருக்கிறதா, மிகுந்து தேங்கியிருக்கிறதா என்ற எதிர்நிலைகளைக் கொண்டு நோயாளியின் மொத்த நிலையை மருத்துவர் வரைந்துகொள்கிறார். 'ஜெங்' எனப்படும் அந்தக் கோலத்தை மாற்றினால் அதிலிருந்து முளைக்கும் தொல்லைகள் தாமே குறையும் என்பது நம்பிக்கை.

தலைவலியோடு மூவர் வருகிறார்கள் என்று கொள்வோம். முதலாமவருக்கு நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கிறது. கோபம் வந்தால் கூடுகிறது. நாக்கின் ஓரங்கள் சிவந்திருக்கின்றன. நாடி இழுத்துக் கட்டிய நரம்புபோல் இருக்கிறது. இரண்டாமவருக்கு மந்தமான வலி, உழைத்துக் களைத்த மாலையில் வருகிறது, நாக்கு வெளிறியிருக்கிறது, நாடி மெலிந்திருக்கிறது. மூன்றாமவருக்குத் தலையில் ஈரத்துணியைச் சுற்றியதுபோல் கனம். மழை நாள்களில் கூடுகிறது. நாக்கில் பிசுபிசுப்பான படிவு. மூவருக்கும் ஒரே பெயருள்ள தொல்லை. மூன்று வேர்கள், மூன்று மருந்துகள். இதற்கு மறுதலையாக, நாள்பட்ட பேதியால் துன்புறும் ஒருவருக்கும், குடல் இறக்கத்தால் துன்புறும் இன்னொருவருக்கும், ஓயாத களைப்பால் துன்புறும் மூன்றாமவருக்கும் ஒரே கஷாயம் தரப்படலாம். நோயின் பெயரைவிட நோயாளியின் கோலமே மருந்தைத் தீர்மானிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் வசிக்கும் உறவினர் ஒருவருடன் பதிவு பெற்ற சீன மருத்துவர் ஒருவரிடம் சென்றிருந்தேன். உறவினருக்கு எரிச்சல் குடல் நோய், எட்டாண்டுத் தொல்லை. அந்த அம்மையார் விசாரித்த விதம் என்னைக் கவர்ந்தது. தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, வியர்வை எங்கே வருகிறது, வெந்நீர் பிடிக்குமா, குளிர்ந்த நீரா, வயிற்றுவலி மலம் கழித்ததும் தணிகிறதா, வலி வரும் முன் வீட்டிலோ அலுவலகத்திலோ மனக்கசப்பு ஏதும் நடந்ததா என்று இருபத்தைந்து நிமிடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, 'உங்கள் கல்லீரல் மண்ணீரலை அடக்குகிறது' என்றார். உறவினர் முகம் வெளுத்துவிட்டது. போன மாதம்தான் கல்லீரல் பரிசோதனை செய்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்களே என்று பதறினார்.

அவர் பதறியதற்குக் காரணம் மொழிபெயர்ப்புச் சிக்கல். சீன மருத்துவம் கூறும் கல்லீரலும் மண்ணீரலும் அறுவை மருத்துவர் கையில் எடுத்துக் காட்டக்கூடிய உறுப்புகள் அல்ல. அவை சில இயக்கங்களுக்கு இடப்பட்ட பெயர்கள். 'சீ' எனப்படும் உயிராற்றல் உடலெங்கும் தடையின்றிப் பரவச் செய்வது கல்லீரலின் வேலை. அடக்கிய கோபமும் மன இறுக்கமும் அதைக் கெடுக்கும். உண்ட உணவைச் சாரமாக்கி உடலுக்கு அளிப்பது மண்ணீரலின் வேலை. கவலையும் ஒழுங்கற்ற உணவும் அதைக் கெடுக்கும். ஆக, அந்த மருத்துவர் கூறியதை நம் பேச்சில் சொன்னால், 'உங்கள் மன இறுக்கம் செரிமானத்தைக் கெடுக்கிறது' என்பதற்கு அது வெகுதொலைவில் இல்லை. நவீன மருத்துவமும் இந்த நோயில் மூளைக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பைப் பேசுகிறது. இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு சீனர்கள் அன்றே எல்லாவற்றையும் கண்டுவிட்டார்கள் என்று முழங்குவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

மண்ணீரல் இவ்வளவு முக்கியத்துவம் பெற்ற கதை பொருளாதார மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. 1232-ஆம் ஆண்டு, ஜின் அரசின் தலைநகரான கைஃபெங் நகரை மங்கோலியப் படை முற்றுகையிட்டது. முற்றுகை தளர்ந்த பின் நகருக்குள் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். அக்கால மருத்துவர்கள் அதை வெளியிலிருந்து தாக்கும் குளிர் நோயாகக் கருதி, வியர்க்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்தனர். லி தோங்யுவான் என்ற மருத்துவர் இதை மறுத்தார். மாதக்கணக்கில் பட்டினி, அச்சம், அளவு மீறிய உழைப்பு, அதன் பின் திடீரென்று வயிறு புடைக்க உணவு. இவற்றால் செரிமான ஆற்றல் நொறுங்கிப்போனவர்களுக்கு வியர்வை மருந்தும் பேதி மருந்தும் எமனாகிவிட்டன என்று எழுதினார். 1249-இல் அவர் எழுதிய மண்ணீரல்-இரைப்பை பற்றிய நூல், சீன மருத்துவத்தின் ஒரு பெரும் கிளைக்கே அடிப்படையாயிற்று. ஜின்செங், அஸ்ட்ராகலஸ் வேர், அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் உள்ளிட்ட எட்டுச் சரக்குகள் சேர்ந்த அவருடைய கஷாயம் இன்றும் சீனாவிலும் ஜப்பானிலும் விற்கப்படுகிறது. அன்று நகரில் பரவியது ஒரு கொள்ளைநோயாகவே இருந்திருக்கலாம் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். ஆனாலும் மரணங்களின் வேரைப் பஞ்சத்திலும் போரிலும் தேடிய அந்தப் பார்வை எனக்கு மிக நெருக்கமானது.

சீன மரபுக்குள்ளேயே வேர் எது என்பதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1642-இல் வூ யூசிங் என்பவர், கொள்ளைநோய்களுக்குக் காரணம் பருவத்தின் குளிரோ வெப்பமோ அன்று, மூக்கு, வாய் வழியே புகும் தனித்தன்மையுள்ள நச்சுக் காற்றுகளே என்று வாதிட்டார். இன்று நாம் ஒரே அமைப்பாகக் காணும் சீன மருத்துவம், 1950-களில் மக்கள் சீன அரசு பல்வேறு மரபுகளைப் பாடநூல்களாகத் தொகுத்தபோது பெற்ற வடிவம். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் அதற்கான கல்லூரிகள் 1956-இல் தொடங்கப்பட்டன. கோலத்தைக் கண்டறிந்து மருந்து தீர்மானிக்கும் முறை முழு மருத்துவத்தின் முதுகெலும்பாக முன்னிறுத்தப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

வேருக்கும் கிளைக்கும் இடையே முன்னுரிமை வகுக்கும் விதி ஒன்றும் இம்மரபில் உண்டு. நோய் கடுமையாக இருக்கும்போது கிளையை முதலில் கவனி; தணிந்த பின் வேருக்கு வா. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டும்போது நுரையீரலைத் திறந்து சளியை இறக்கும் மருந்து. மூச்சு சீரான மாதங்களில் மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் வலுவூட்டும் மருந்து. இதன் சுவையான நீட்சியாகக் குளிர்கால நோய்க்குக் கோடையில் மருத்துவம் செய்யும் வழக்கம் சீனாவில் இருக்கிறது. ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் வரையுள்ள கொதிக்கும் நாள்களை 'சான்ஃபூ' என்கிறார்கள். அந்நாள்களில், குளிர்காலத்தில் மூச்சிரைப்பாலும் மூக்கடைப்பாலும் அவதிப்படுவோர் மருத்துவமனைகளில் வரிசையில் நின்று முதுகில் பற்று போட்டுக்கொள்கிறார்கள். வெண்கடுகு முதலிய சரக்குகளை இஞ்சிச் சாற்றில் குழைத்த பற்று அது. சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும். மூன்று கோடைகள் தொடர்ந்து போட வேண்டும் என்பார்கள். நோய் இல்லாத பருவத்தில் நோயாளியைக் கவனிப்பது என்ற இந்த எண்ணம், வலி வந்தால் மட்டும் மருத்துவரிடம் ஓடும் நமக்கு யோசிக்க ஏதேனும் தருகிறது.

அடுத்த குளிர்காலத்தில் மூச்சிரைப்பு குறைந்தால் அது பற்றினால் குறைந்ததா என்று எப்படி அறிவது? வேர் என்ற சொல் ஒரு கோரிக்கையை உள்ளடக்கியிருக்கிறது. கிளையை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரைக் களைந்தால் துளிர்க்காது. அப்படியானால் வேர் மருத்துவத்தை அளக்க வேண்டிய இடம், மருந்து சாப்பிடும் காலம் அன்று. மருந்தை நிறுத்திய பிறகு வரும் மாதங்கள். இந்த இலக்கணத்தைச் சீன மருத்துவமே வகுத்துத் தருகிறது. ஆனால் அதை வைத்து அளப்பவர்கள் குறைவு.

அளப்பது கடினம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. தக்காளி விலையை எண்ணிப் பாருங்கள். விலை உச்சியைத் தொட்டுக் கூக்குரல் எழும்போதுதான் அரசு நடவடிக்கை எடுக்கிறது. சில வாரங்களில் விலை இறங்குகிறது. நடவடிக்கை இல்லாவிட்டாலும் அடுத்த விளைச்சல் வந்து இறங்கியிருக்கும். ஏறி இறங்கும் எதுவும் உச்சத்துக்குப் பின் சராசரியை நோக்கித் திரும்பும். திரும்பி வரும் நோயும் அப்படித்தான். மிக மோசமான வாரத்தில்தான் புதிய மருத்துவரைத் தேடுகிறோம். அதன் பின் எந்த மருந்து சாப்பிட்டாலும், எதுவுமே சாப்பிடாவிட்டாலும், சற்றே நலம் தென்படும். என் சிங்கப்பூர் உறவினருக்கு நான்கு மாதம் வயிறு அமைதியாக இருந்தது. ஐந்தாம் மாதம் அலுவலகத்தில் ஆள்குறைப்புப் பேச்சு எழுந்தபோது வலி திரும்பியது. இதிலிருந்து மருந்து வேலை செய்தது என்றோ செய்யவில்லை என்றோ எதையும் முடிவுகட்ட இயலாது.

இரண்டாவது சிக்கல், கோலத்தைப் படிப்பதில் மருத்துவர்களிடையே உள்ள வேறுபாடு. அமெரிக்காவில் முடக்குவாத நோயாளிகள் 40 பேரை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்கள் கண்டறிந்த கோலங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளுக்கும் குறைவே. வேர் ஒன்றுதான் என்றால் மூவரும் மூன்று வேர்களைக் காண்பது எப்படி? நவீன மருத்துவர்களும் நோயறிதலில் வேறுபடுவது உண்டு. எனினும் இந்த அளவு வேறுபாடு கவனத்துக்குரியது.

மூன்றாவது சிக்கல் பொருளாதாரத்தைச் சார்ந்தது. வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை நுகர்வோரால் அறிய முடியாத பண்டங்களை 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் தனி வகையாகப் பிரித்தார்கள். நம்பிக்கைப் பண்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். வாகனப் பழுதுநீக்கம், மருத்துவம் ஆகியவை இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டுகள். எனது கணக்கில் வேர் மருத்துவம் இவ்வகையின் உச்சம். வலி குறைந்தால் வேர் அசைந்துவிட்டது என்பார்கள். குறையாவிட்டால் வேர் ஆழமாக இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் தொடருங்கள் என்பார்கள். கூடினால் உள்ளே இருப்பது வெளியேறுகிறது என்பார்கள். எந்த விளைவு வந்தாலும் மருந்துச் சீட்டு நீளும். மருத்துவர் நேர்மையற்றவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிவுத் தேதி குறிக்கப்படாத எந்த ஒப்பந்தத்திலும் இதுதான் நடக்கும்.

அளந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வயிற்றுப் புண்ணின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதி முழுவதும் மன இறுக்கமும் அமிலமும்தான் இதற்குக் காரணம் என்று நவீன மருத்துவம் போதித்தது. சீன மருத்துவமோ, கல்லீரலின் 'சீ' இரைப்பையைத் தாக்குகிறது என்றோ, இரைப்பை வலுவிழந்து குளிர்ந்துவிட்டது என்றோ கூறியது. 1970-களின் பிற்பகுதியில் அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரைகள் வந்து புண்களை அற்புதமாக ஆற்றின. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் முன்சிறுகுடல் புண் பெரும்பாலோருக்குத் திரும்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-இல் இரைப்பையிலிருந்து ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அறியப்படும் கிருமியை வளர்த்துக் காட்டினர். 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். கிருமியை ஒழித்தவர்களுக்கு, மருந்தை நிறுத்திய பிறகும் புண் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நவீன மருத்துவம் சொன்ன வேரும் சீன மருத்துவம் சொன்ன வேரும் இந்த நோயைப் பொறுத்தவரை ஒருசேரப் பின்னுக்குப் போயின.

இனி, சீன மருத்துவத்தின் கோரிக்கையை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்த ஓர் ஆய்வுக்கு வருவோம். எரிச்சல் குடல் நோயுள்ள 116 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்த ஆய்வு 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நோயாளிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு ஒவ்வொருவரின் கோலத்தையும் பார்த்துத் தனித்தனியே வகுத்த மூலிகை மருந்து. இன்னொன்றுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே மூலிகைக் கலவை. மூன்றாவதற்கு வெற்று மருந்து. எல்லோரையும் சீன மருத்துவர் பார்த்தார். யாருக்கு எது தரப்பட்டது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பதினாறு வாரங்களின் முடிவில் மூலிகை சாப்பிட்ட இரு குழுக்களும் வெற்று மருந்துக் குழுவைவிட நலமாக இருந்தன. தனித்தனியே வகுத்த மருந்து பொது மருந்தைவிட மேம்பட்டதாக அப்போது தெரியவில்லை. ஆய்வு அங்கேயே முடிந்திருந்தால் கோலம் பார்ப்பதெல்லாம் வீண் சிரமம் என்றாகியிருக்கும். ஆனால் மருந்தை நிறுத்தி மேலும் பதினான்கு வாரங்கள் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். நலம் நிலைத்திருந்தது தனித்தனியே வகுத்த மருந்து பெற்ற குழுவில் மட்டுமே.

எனக்குத் தெரிந்தவரை, வேர் என்ற கருத்துக்கு ஆதரவாக இவ்வளவு நேரடியாகப் பேசும் சான்று அரிது. இதைச் சீன மருத்துவ ஆர்வலர்கள் கொண்டாடுவதும் இயல்பு. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் நாற்பது பேர் அளவே இருந்தனர் என்பதை மறக்கலாகாது. அதே நோயின் பேதி வகைக்கு ஹாங்காங்கில் 119 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் பொதுவான மூலிகைக் கலவைக்கும் வெற்று மருந்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. தனித்தனியே வகுக்கும் முறையைப் பெரிய அளவில், மருந்து நிறுத்திய பின் ஓராண்டாவது தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளே இந்தக் கேள்வியைத் தீர்க்கும். தனித்தனி மருந்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது. எனவே அத்தகைய ஆய்வுக்குப் பணம் போட மருந்து நிறுவனங்களுக்கு ஊக்கம் இல்லை. பொது நிதி வர வேண்டிய இடம் இது.

அக்குபங்சர் பற்றிய சான்று வேறொரு திசையைக் காட்டுகிறது. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் பயனடைந்திருந்தனர். மரபில் சொல்லப்படாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டவர்களிலோ 44.2 விழுக்காடு. வழக்கமான மருந்து, உடற்பயிற்சி மருத்துவம் பெற்றவர்களில் 27.4 விழுக்காடு மட்டுமே. எந்த இடத்தில் ஊசி குத்துவது என்ற நுணுக்கமான கோட்பாடு இங்கே அதிகம் உதவவில்லை. ஆனால் ஊசி குத்திக்கொண்டவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நலமாக இருந்தார்கள். ஒருவர் அருகில் அமர்ந்து, நேரம் கொடுத்து, கைவைத்துப் பார்ப்பதன் பங்கு இதில் எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் நம் மருத்துவமனைகளும் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சீன மருத்துவத்தின் பெருமைக்கு எப்போதும் சான்றாகக் காட்டப்படுவது தூ யூயூ 2015-இல் பெற்ற நோபல் பரிசு. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைந்நூல், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது. காய்ச்சுவது பற்றிப் பேச்சில்லாததைக் கவனித்த தூ, 1971-இல் ஈதர் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறு இறக்கினார். 191-ஆவது மாதிரி விலங்குகளில் மலேரியாக் கிருமியை முற்றாக ஒழித்தது. அதுவே ஆர்ட்டிமிசினின். இதில் கோலமும் இல்லை, 'சீ'யும் இல்லை. பழைய நூல் ஒரு துப்புக் கொடுத்தது, சோதனைக்கூடம் தீர்ப்புக் கொடுத்தது. பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்றும் உண்டு. இம்மருந்தைத் தனியாகக் குறைந்த நாள்களுக்குக் கொடுத்தால் காய்ச்சல் விரைவில் தணிந்து, சில வாரங்களில் பலருக்குத் திரும்பியது. எனவேதான் இன்னொரு மருந்தோடு சேர்த்தே தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. தனியாக விற்பதை நிறுத்தும்படி 2006-இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இதையும் காட்டிக்கொடுத்தது, மருந்துக்குப் பின் திரும்பி வந்தவர்களை எண்ணிய கணக்குதான்.

நீண்ட நாள் சாப்பிட வேண்டியது என்பதாலேயே வேர் மருந்துக்குத் தனியான ஆபத்தும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேர் அளவில் சிறுநீரகம் பழுதடைந்தனர். ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒலிப்பில் நெருங்கிய அரிஸ்டோலோக்கியா வகைத் தாவரம் கலந்துவிட்டதே காரணம். அதன் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. சிலருக்கு ஆண்டுகள் கழித்தே அது வெளிப்பட்டது. மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்று சொல்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், கிழக்காசிய மரபு மருத்துவத்தின் கோலங்களுக்குத் தனி அத்தியாயமும் குறியீடுகளும் இடம்பெற்றன. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சேர்க்கப்பட்டது எண்ணுவதற்காகவே, எந்தச் சிகிச்சையையும் அங்கீகரிப்பதற்காக அன்று என்று அந்நிறுவனம் விளக்கியும் இருக்கிறது. சீனாவின் பெரிய மருத்துவமனைகளில் ஒரே கூரையின் கீழ் இரு மருத்துவமும் நடப்பதால், குறிப்பிட்ட கோலத்துக்கு மருந்து பெற்றவர் எத்தனை மாதம் கழித்து அதே தொல்லையோடு திரும்பி வந்தார் என்று எண்ணுவது இனி முடியாத காரியமன்று.

அதுவரை தனி நோயாளிக்கு இருப்பது ஒரு குறிப்பேடும் நாள்காட்டியும்தான். எடை குறைதல், மலத்தில் இரத்தம், திடீரென்று தாக்கும் கடும் தலைவலி போன்றவை உள்ளவர் எந்த வேரையும் தேடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றவர், சீன மருந்தோ சித்த மருந்தோ ஆங்கில மருந்தோ, தொடங்கும் முன் இரண்டு மாதங்களுக்குத் தொல்லை வந்த நாள்களை எண்ணி எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. புதிய மருந்தில் என்னென்ன சரக்கு, எத்தனை வாரம், எதைக் கண்டால் நிறுத்திவிடுவோம் என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு அதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். மருந்து முடிந்த மறுநாளிலிருந்து மீண்டும் இரண்டு மாதம் எண்ண வேண்டும்.